மொட்டை மாடியில் ஒரு நாடகம்: பிள்ளைகளோடு தொடங்கும் முறை

கோடை விடுமுறையில் பிள்ளைகளை வைத்து நாடகம் போட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதல் நாளே வசனத்தை எழுதிக் கையில் கொடுத்து, மனப்பாடம் செய்து வரச் சொல்லிவிடுகிறார்கள். 1918-இல் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய பால சபை என்ற நாடகக் குழுவில் சிறுவர்கள் பாட்டையும் வசனத்தையும் நெட்டுருப் போட்டுத்தான் நடிகர்களானார்கள், பின்னாளில் புகழ்பெற்ற நாடக நடிகர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கிருந்து வந்தவர்களே. ஆனால் அது பிழைப்புக்கான பயிற்சி. சென்னை அடுக்ககம் ஒன்றின் மொட்டை மாடியில் கூடும் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு வசனம் கடைசியில் வந்தால் போதும்.

ஏழு முதல் பன்னிரண்டு வயதுக்குள் பத்துப் பேர் இருந்தால் ஒருவரால் கவனித்துக்கொள்ள முடியும். வாரம் இரு நாள், ஒரு மணி நேரம், ஆறு வாரம். கத்திரி வெயில் காலத்தில் தரை ஆறவே நேரமாகும் என்பதால், தண்ணீர் தெளித்துவிட்டு, கடற்காற்று வீசும் மாலை ஐந்தரை மணிக்கு மேல் வைத்துக்கொள்வது நல்லது.

முதல் இரண்டு வாரம் விளையாட்டு மட்டுமே. இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் மெதுவாக அசைய மற்றவர் கண்ணாடிபோல அதையே செய்ய வேண்டும். வேகம் கூடினால் கண்ணாடி உடைந்துவிடும் என்பதே விதி. எதிரில் இருப்பவரை உற்றுக் கவனிக்கும் பழக்கம் இதில் வருவதுபோல அறிவுரையில் வருவதில்லை. பிறகு ஒரு துண்டை வட்டமாகச் சுற்றவிட்டு, அதைத் துண்டு அல்லாத வேறொன்றாக ஆக்கிக் காட்டச் சொல்லுங்கள். பாம்பும் கைக்குழந்தையும் எல்லாருக்கும் தோன்றும். ஒரு சிறுவன் அதைத் தண்ணீர் லாரியின் குழாயாக்கியதும் மற்ற ஒன்பது பேரும் குடத்தோடு வரிசையில் நின்றுவிட்டார்கள். வாடகை உடைக்குக் கொடுக்கும் பணத்தைவிட அந்தத் துண்டு அதிகம் உழைக்கும்.

குரலுக்கு, ஒரு பிள்ளையைத் தண்ணீர்த் தொட்டியருகிலும் இன்னொரு பிள்ளையைப் படிக்கட்டருகிலும் நிறுத்தி, கத்தாமல் பேசிக்கொள்ளச் சொல்லலாம். காற்றில் வார்த்தையின் கடைசி எழுத்துதான் முதலில் காணாமல் போகும் என்பதை அவர்களே கண்டுபிடித்து, ழகரத்தையும் ளகரத்தையும் நிறுத்திச் சொல்லத் தொடங்குவார்கள்.

மூன்றாம் வாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை ஒன்றை எடுங்கள். நாங்கள் எடுத்தது பாட்டி வடை சுட்ட கதை. வாயே திறக்காத சிறுமி ஒருத்தி பேச வேண்டியிராது என்பதற்காகவே வடையாக இருக்கிறேன் என்றாள். மூன்று ஒத்திகைகளில் காகமும் நரியும் மாறி மாறி இழுத்த பிறகு, நான்காவதில், "யாருக்கு வேணும்னு என்னை ஒருத்தராவது கேட்டீங்களா?" என்றாள். நாங்கள் யாரும் எழுதித் தராத வசனம் அது. கதையின் முடிவையே அதற்கேற்ப மாற்ற வேண்டியதாயிற்று. கூச்சமுள்ள பிள்ளையைப் பேசச் சொல்லி வற்புறுத்தாமல், மேடையில் அதற்கு ஓர் இடத்தை மட்டும் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். பேசாமலே போனாலும் குற்றமில்லை.

இப்படிப் பிறக்கும் வசனங்களை அன்றன்றே நோட்டில் குறித்து, ஐந்தாம் வாரத்தில் வரிசைப்படுத்தினால் அதுவே நாடகப் பிரதி. வசனம் மறந்துபோகும் என்ற பயத்துக்குத் தெருக்கூத்தில் மருந்து இருக்கிறது: கதையை அறிவித்து, இடையிடையே கேலியும் பேசும் கட்டியங்காரன். வாய்த்துடுக்கான பிள்ளை ஒன்றுக்கு அந்த வேடத்தைக் கொடுத்துவிட்டால், யார் திகைத்து நின்றாலும் அது புகுந்து கேள்வி கேட்டுக் கதையை நகர்த்திவிடும். கூத்தில் செய்வதுபோலவே இருவர் பழைய வேட்டி ஒன்றைத் திரையாகப் பிடித்தால், மேடை அமைக்கும் செலவும் இல்லை.

நாடகம் இருபது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பாட்டி தாத்தாக்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். வசனத்தை முணுமுணுத்து எடுத்துக் கொடுக்கும் பெற்றோரைக் கடைசி வரிசைக்கு அனுப்பி, கைபேசியைப் பையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள்.