பழைய ஜிபிஎஸ் ஆன்டெனாவை இனம் கண்டு நேர அளவீட்டுக்குப் பயன்படுத்தும் முறை

கைபேசிக் கோபுரங்களிலிருந்து கழற்றப்பட்டு விற்பனைக்கு வரும் கூம்பு வடிவ ஜிபிஎஸ் ஆன்டெனாக்கள், ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நிற்பதற்கென்றே செய்யப்பட்டவை. அருகிலுள்ள அலைபரப்பிகளின் குறுக்கீட்டைத் தடுக்கும் வடிகட்டிகளும் அவற்றுள் இருப்பதால், காரின் கூரையில் ஒட்டும் சிறு ஆன்டெனாவைவிட அவை நேர அளவீட்டுக்கு, அதாவது ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையிலிருந்து துல்லியமான நேரம் பெறுவதற்கு, பெரும்பாலும் ஏற்றவை. ஆயினும் தோற்றத்தை மட்டும் நம்பக் கூடாது. கேபிள் வழியே மேலே எவ்வளவு மின்னழுத்தம் செல்ல வேண்டும், கீழே எந்த அதிர்வெண் இறங்கி வரும் என்ற இரண்டும் தெரிந்த பிறகே ரிசீவருடன் (சமிக்ஞையைப் பெற்று நேரத்தைக் கணக்கிடும் கருவியுடன்) இணைக்க வேண்டும்.

சாதாரண ஆன்டெனா 1575.42 மெகாஹெர்ட்ஸ் சமிக்ஞையைப் பெருக்கி அப்படியே அனுப்பும். சில பழைய நேரக் கருவிகளின் ஆன்டெனாக்களோ அதைத் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு மாற்றி அனுப்புபவை. நேரக் கருவிகளைச் செய்யும் மைன்பெர்க் நிறுவனத்தின் ஆன்டெனா, கருவியிலிருந்து 10 மெகாஹெர்ட்ஸ் சமிக்ஞையைப் பெற்றுக்கொண்டு 35.4 மெகாஹெர்ட்ஸில் பதில் தரும். நீண்ட, மலிவான கேபிளுக்கு அது நல்ல உத்திதான். ஆனால் அதற்குரிய கருவி கையில் இல்லாவிட்டால் அந்த ஆன்டெனாவால் பயனில்லை. ஆகவே மாதிரி எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் விவரத்தாளைத் தேடுவதே முதல் வேலை.

மின்னழுத்தம் 3.3, 5, 12 வோல்ட் என மாதிரிக்கு மாதிரி வேறுபடும். விவரம் கிடைக்காதபோது, மின்னோட்ட வரம்பு வைக்கக்கூடிய மின்வழங்கியில் 3 வோல்ட்டிலிருந்து தொடங்கி, கனெக்டரின் நடு ஊசிக்கு நேர்மின்னழுத்தம் கொடுத்து, மெல்ல 5 வரை உயர்த்திப் பார்க்கலாம். சில பத்து மில்லியாம்பியர் ஓடினால் ஆன்டெனாவுக்குள் இருக்கும் பெருக்கி உயிருடன் இருக்கிறது எனக் கொள்ளலாம். ஒன்றுமே ஓடவில்லை என்பதற்காக உடனே 12 வோல்ட் கொடுப்பது நல்ல ஆன்டெனாவையும் கெடுத்துவிடக்கூடும்.

பெருக்கம் பெரும்பாலும் 26 டெசிபெல் அல்லது 40 டெசிபெல் என்று குறிக்கப்பட்டிருக்கும். 40 டெசிபெல் வகை நீண்ட கேபிளின் இழப்பை ஈடுகட்டுவதற்கானது. குட்டைக் கேபிளில் அது ரிசீவரைத் திணறச் செய்யக்கூடும் என்பதால் இடையில் ஓர் அட்டெனுவேட்டர் (சமிக்ஞையின் வலிமையைக் குறைக்கும் சிறு உறுப்பு) வைக்கலாம், ஆனால் அது ஆன்டெனாவுக்குச் செல்லும் மின்சாரத்தைக் கடத்திவிடும் வகையாக இருக்க வேண்டும். 50 ஓம் கேபிளுக்குப் பதிலாக 75 ஓம் தொலைக்காட்சிக் கேபிளைப் பயன்படுத்துவதால் ஏற்படும் பொருத்தமின்மை நடைமுறையில் பெரிய இடையூறு அல்ல.

ஆன்டெனாவை நிறுவும் இடத்தில் வானம் எல்லாத் திசையிலும் திறந்திருக்க வேண்டும். சுவரிலும் தகரக் கூரையிலும் பட்டுத் திரும்பும் அலைகள் நேரத்தைக் கலைக்கும். பிறகு ரிசீவர் தன் இடத்தைப் பல மணி நேரம் சராசரி எடுத்து, அதை நிலையாகப் பிடித்துக்கொள்ளுமாறு அமைக்க வேண்டும். ஒரு மீட்டர் பிழை ஏறத்தாழ 3.3 நானோவிநாடிக்குச் சமம் என்பதால், இந்தப் பொறுமைக்குப் பலன் உண்டு.

கேபிள் தாமதத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆர்ஜி-58 என்னும் 50 ஓம் கேபிள் வகையில் அது மீட்டருக்குச் சுமார் 5 நானோவிநாடி. ஆன்டெனாவின் வடிகட்டியும் தன் பங்குக்குச் சிறிது தாமதம் சேர்க்கும். சில ரிசீவர்களில் கேபிள் தாமதம் 50 நானோவிநாடி என்று முன்கூட்டியே இடப்பட்டிருக்கும். அதை உங்கள் கேபிளுக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். அலையியற்றியின் (சீரான அலையை உருவாக்கும் சுற்றின்) அதிர்வெண்ணை நெறிப்படுத்துவது மட்டுமே நோக்கமென்றால், மாறாத இந்தத் தாமதத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.