கமடோர் 64-ஐச் செருகுவதற்கு முன்

பல வருடம் மூடிக் கிடந்த கமடோர் 64 என்ற எண்பதுகளின் வீட்டுக் கணினி கைக்கு வந்ததும் அந்த நீலத் திரையைப் பார்த்துவிட மனம் பரபரக்கும். பொறுங்கள். முதலில் மின்னழுத்தம் அளக்கும் மல்ட்டிமீட்டரை எடுங்கள். சோதிக்க வேண்டியது கணினியை அல்ல, அதனோடு வந்த கனமான மின்வழங்கிப் பெட்டியை.

அது 5 வோல்ட் டிசியும் 9 வோல்ட் ஏசியும் தருகிறது. ஆபத்து 5 வோல்ட் பக்கம்தான். மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருக்க உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் கெடும்போது மின்னழுத்தம் குறைவதற்குப் பதில் ஏறிவிடும். நினைவகச் சில்லுகள் கருகிவிடும். செருகியில் எந்த ஊசி எது என்று ஊசிகளின் படத்தைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு அளங்கள். 5.25 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பெட்டி குப்பைக்கு. சரியாகக் காட்டினாலும் நான் நம்புவதில்லை. சூடேறிய பிறகு குணம் மாறுபவை உண்டு. பிசின் ஊற்றி அடைத்திருப்பதால் திறந்து சரிசெய்யவும் முடியாது. இப்போது புதிதாகச் செய்து விற்கிறார்கள், அதை வாங்குங்கள்.

அடுத்து, அடியில் உள்ள மூன்று திருகுகளைக் கழற்றி மேல்மூடியை மெல்லத் தூக்குங்கள். அவசரப்பட்டுத் தூக்கி, மூடியில் இருக்கும் சிறு விளக்கின் ஒயரைப் பிய்த்தவன் நான்.

உள்ளே பெரிய சில்லுகளில் எம்ஓஎஸ் என்ற முத்திரை இருக்கும். கமடோரின் ஏற்றம் அதில்தான் இருக்கிறது. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பி, தட்டச்சுப்பொறி வியாபாரத்தில் தொடங்கியவர் கமடோரை நிறுவிய ஜாக் ட்ராமியல். கால்குலேட்டர் விற்ற காலத்தில், சில்லு தந்துகொண்டிருந்த டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸே மலிவாகக் கால்குலேட்டர் விற்க இறங்கியதும் நொடித்துப்போகும் நிலைக்கு வந்தார். பட்ட சூட்டில் 1976-ல் எம்ஓஎஸ் சில்லு ஆலையையே வாங்கிவிட்டார். அதனால்தான் 1982-ல் 595 டாலருக்கு வந்த கமடோர் 64-ஐ அடுத்த ஆண்டே 200 டாலர் அளவுக்கு இறக்க முடிந்தது. அந்த விலைப் போரில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வீட்டுக் கணினியையே கைவிட்டது. பழிதீர்த்த சில மாதங்களில், 1984 ஜனவரியில், ட்ராமியலும் வெளியேறினார். போனவர் அடாரியின் வீட்டுக் கணினி, வீடியோ கேம் பிரிவை வாங்கிப் போட்டியாளரானார். கமடோர் அமிகா என்ற கணினியை வைத்துக்கொண்டு 1994 ஏப்ரல் வரை ஓடியது.

சரி, இப்போது செருகுங்கள். 38911 பைட் காலி என்று திரை சொன்னால் பிழைத்தீர்கள். கறுப்பாகவே நின்றால் நினைவகச் சில்லுகளை விரல்நுனியால் தொட்டுப் பாருங்கள். பக்கத்துச் சில்லைவிட ஒன்று மட்டும் கொதித்தால் அதை மாற்றுங்கள். எல்லாம் ஒரே சூடாக இருந்தால் என் சந்தேகம், நினைவகத்தின் எந்தப் பகுதி எப்போது வேலைசெய்வது என்று தீர்மானிக்கும் பிஎல்ஏ சில்லின் மேல்தான். சாகும் வரிசையில் அதற்குத்தான் முதலிடம். மாற்றுச் சில்லு எளிதாகக் கிடைக்கிறது.