எக்ஸ்பி நிறுவும்போது வந்த 7பி நீலத்திரை: என் அனுபவம்

பழைய கணினியில் விண்டோஸ் எக்ஸ்பி போடும்போது, கோப்புகள் ஏறி முடிந்ததும் 7பி என்று முடியும் பிழை எண்ணோடு நீலத்திரை (விண்டோஸ் நின்றுபோனதைக் காட்டும் நீலநிறப் பிழைத் திரை) வந்தது. கேபிள், வன்வட்டு, சிடி எல்லாம் மாற்றியும் பல நாள் வீணானதுதான் மிச்சம். லைவ் லினக்ஸில் (நிறுவாமலேயே ஓடும் லினக்ஸ்) அதே வட்டு ஒழுங்காகத் தெரிந்தது. அப்போதுதான் வட்டைக் கணினியோடு இணைக்கும் கன்ட்ரோலர் மேல் சந்தேகம் வந்தது. பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) பார்த்தால், வட்டு இணைப்பான சாட்டா, ஏஎச்சிஐ என்ற முறையில் இருந்தது. 2001இல் வந்த எக்ஸ்பியின் சிடியில் அந்த முறைக்கான டிரைவர் (கன்ட்ரோலரை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) கிடையாது.

சரி, டிரைவரை ஃப்ளாப்பியில் ஏற்றினேன். txtsetup.oem என்ற கோப்பு ஃப்ளாப்பியில் எந்த ஃபோல்டருக்குள்ளும் இல்லாமல் நேரடியாக இருக்க வேண்டும். எக்ஸ்பி நிறுவலின் தொடக்கத்தில் எஃப்6 விசையை அழுத்தினால் உடனே எதுவும் நடக்காது. கொஞ்சம் பொறுத்தால்தான் கூடுதல் டிரைவர் பற்றிய கேள்வி வரும். அங்கே எஸ் அழுத்தி டிரைவரைத் தேர்ந்தெடுத்ததும் நீலத்திரை போய், வட்டு பட்டியலில் வந்தது. அப்பாடா! கோப்புகளை நகலெடுக்கும்போது ஃப்ளாப்பியை மறுபடி கேட்கும். அதுவரை வெளியே எடுக்காதீர்கள்.