றெக்கை இல்லாத டிராகன்: பாபிலோன் முஷ்ஹுஷ்ஷுவை வரையலாம் வாங்க

டிராகன் வரையணும்னு உக்காந்தா கை தானா றெக்கைக்குத்தான் போகும், நானும் முதல் தடவை அப்படித்தான் இந்த முஷ்ஹுஷ்ஷுவுக்கு வௌவால் றெக்கை மாட்டி வாயில நெருப்பெல்லாம் விட்டு முடிச்சிட்டு, அப்புறம் ஒரிஜினல் போட்டோவைப் பாத்தா றெக்கையும் இல்ல நெருப்பும் இல்ல, அமைதியா நடந்து போயிட்டிருக்கு. ஒரு ராத்திரி வேலை வீணாப் போச்சு.

அந்த ஒரிஜினல், இப்போ ஈராக்ல இருக்கற பழைய பாபிலோன் நகரத்தோட இஷ்தார் வாசல்ல (நகரத்துக் கோட்டை வாசல்) இருந்தது. இரண்டாம் நெபுகத்நேசர் ராஜா காலம், கி.மு. 575 வாக்குல கட்டினது. 1899ல ராபர்ட் கோல்டவேங்கற ஜெர்மன் தொல்லியல் ஆய்வாளர் தோண்ட ஆரம்பிச்சு, அங்க கிடைச்ச செங்கல்லை வச்சு பெர்லின் பெர்கமான் மியூசியத்துல 1930ல திரும்ப நிறுத்தினாங்க. பாபிலோனோட முக்கிய சாமி மர்துக்கோட பிராணி இது. சுமேரியப் பேருக்கு ‘கோவக்காரப் பாம்பு’ன்னு அர்த்தம் சொல்றாங்க. பாபிலோன் படைப்புக் கதையில தியாமத்ங்கற கடல் தெய்வம் பெத்துவிட்ட அரக்கப் பிராணிங்கள்ல இதுவும் ஒண்ணு (கேம்ல வர்ற அஞ்சு தலை தியாமத்தை இதோட குழப்பிக்காதீங்க, அந்த அஞ்சு தலை நம்ம காலத்து ஆளுங்க வச்சது).

ஸ்டெப் 1: செங்கல் கட்டம்

ஏ4 பேப்பரை படுக்கப் போட்டு, 5 செ.மீ. அகலம் 1.5 செ.மீ. உயரத்துல கட்டம் போடுங்க. சுவர்ல செங்கல் அடுக்கற மாதிரி ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை பாதி தள்ளி இருக்கணும். வாசல்ல இருக்கற ஒவ்வொரு பிராணியும் இப்படி பல செங்கல்ல துண்டு துண்டா வார்த்து, சுட்டு, கலர் பூசி திரும்ப சுட்டு ஒட்டுப்போட்டதுதான். எந்தக் கல்லு எங்க போகணும்னு குழம்பாம இருக்க கல்லு மேலயே கோடும் புள்ளியும் வச்சு அடையாளம் போட்டிருக்காங்க. நம்ம கட்டத்துக்கும் அதே வேலைதான், கால் நீண்டுபோச்சா கழுத்து குட்டையாச்சான்னு எண்ணிப் பாத்துக்கலாம். என் கணக்குல கால் 5 வரிசை, உடம்பு 2, கழுத்தும் தலையும் சேர்த்து 4.

ஸ்டெப் 2: உடம்பு

ஹெச்பி பென்சில், லேசா. பக்கவாட்டுத் தோற்றம் மட்டும் போதும், திரும்பிப் பாக்கற போஸ் எல்லாம் வேண்டாம். உடம்பு நாய் மாதிரி ஒல்லி, கொழுத்த பல்லி இல்ல. கழுத்து நேரா மேல போகட்டும், வாலையும் தூக்கி விடுங்க, நுனியில தேள் கொடுக்கு.

ஸ்டெப் 3: கால் (இங்கதான் எல்லாரும் சொதப்புவாங்க)

முன்னங்கால் சிங்கத்தோடது, பாதம் உருண்டையா மெத்துன்னு இருக்கும். பின்னங்கால் கழுகோடது, விரல் பிரிஞ்சு நகம் வளைஞ்சு நிக்கும். நாலையும் ஒரே மாதிரி போட்டீங்கன்னா அது முஷ்ஹுஷ்ஷுவே இல்ல. சிங்கப் பாதத்துக்கு ஒரு பூனை போட்டோவும், பின்னங்காலுக்கு ஒரு கோழிக்காலும் பக்கத்துல வச்சுக்கோங்க, சிரிக்காதீங்க, அந்தக் கெட்டியான செதிலும் மூட்டு மடிப்பும் கோழிக்கால்ல அவ்ளோ நல்லா தெரியும். கோல்டவேக்கே இந்தப் பின்னங்காலைப் பாத்து இப்படி ஒரு பிராணி நெசமாவே இருந்திருக்குமோன்னு தோணிச்சாம். அந்த அளவுக்கு நம்பற மாதிரி செஞ்சிருக்கான் அந்தக் கைவினைஞன்.

ஸ்டெப் 4: தலை

பாம்புத் தலை, நெத்தியில நிமிர்ந்த கொம்பு, பின்னாடி ஒரு சுருள். கண்ணு சின்னதாவே இருக்கட்டும். நாக்கு இப்ப வேண்டாம்.

ஸ்டெப் 5: செதில்

உடம்பு பூரா ஒரே சைஸ்ல போடாதீங்க, வயித்துப் பக்கம் பெருசா, கழுத்துல போகப்போக சின்னதா. சலிப்பா இருந்தா பாட்டு போட்டுக்கோங்க, எனக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு.

ஸ்டெப் 6: ஃபேன்டசி லுக்

இப்ப நம்ம இஷ்டம். கிரிட்டாங்கற டிராயிங் சாஃப்ட்வேர்ல போட்டு மல்டிப்ளை லேயர்ல (அடியில இருக்கற கலரை அடர்த்தியாக்கற லேயர்) நிழல் குடுங்க, கீழ்ப்பக்கத்துல இருந்து தீப்பந்த வெளிச்சம் வர்ற மாதிரி கொம்பு ஓரத்துல மஞ்சள் கோடு விட்டா சுவர்ல இருந்து இறங்கி வர்ற ஃபீல் வந்துரும். றெக்கை வேணும்னே அடம்பிடிச்சா மழைக்கடவுளோட சிங்க டிராகனை வரைங்க. பழைய அக்காடிய முத்திரைகள்ல அதுக்கு றெக்கை உண்டு, கடவுளோட ரதத்தையே அதுதான் இழுக்குது. நம்ம முஷ்ஹுஷ்ஷுவுக்கு மட்டும் வேண்டாம்.

ஸ்டெப் 7: நாக்கு, அப்புறம் நீலம்

பேப்பர்ல பண்றவங்களுக்கு இது. உடம்பு வெள்ளையும் இளமஞ்சளும், பின்னாடி லாபிஸ் கல்லு மாதிரி அடர் நீலம். ஆனா நீலத்தை அடிக்கறதுக்கு முன்னாடியே அந்த ரெண்டா பிரிஞ்ச நாக்கை கூரான பென்சில்ல போட்டுருங்க, நீலம் ஏறின பேப்பர்ல கை நடுங்கி தப்பா போச்சுன்னா எந்த ரப்பரும் அதை அழிக்காது.