ரெயில்ஸ் மாடலில் சொந்த டைப்: கிலோவாக வாங்கி கிராமாகச் சேமிப்பது

கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் எடை மையம் ஒன்றுக்கு ரெயில்ஸில் (ரூபி மொழியில் வலைச் செயலி எழுதும் கட்டமைப்பு) செயலி எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எடை போடுகிறவர் "23.5", "23.5 கிலோ", "1,200.5" என்று கைக்கு வந்தபடி தட்டுவார். தரவுத்தளத்துக்கோ முழு எண்ணாக கிராம் வேண்டும். இந்த மாற்றத்தை, வரும் கோரிக்கைகளைக் கையாளும் கண்ட்ரோலரில் எழுதினால், நாளைக்கு எக்செல் இறக்குமதி வந்ததும் அங்கேயும் எழுத வேண்டிவரும். தரவுத்தள அட்டவணையைக் குறிக்கும் மாடல் கிளாஸிலேயே வைப்பதற்கு, நெடுவரிசைக்குச் சொந்த டைப் கொடுக்கும் ஆட்ரிப்யூட்ஸ் ஏபிஐ ரெயில்ஸ் 5 முதல் இருக்கிறது.

அட்டவணையை மாற்றும் மைக்ரேஷனில் 'எடை' என்ற இன்டிஜர் நெடுவரிசை போடுங்கள். ஆப் ஃபோல்டருக்குள் டைப்ஸ் என்று புது ஃபோல்டர் திறந்து, ஆக்டிவ்ரெக்கார்டின் டைப் வேல்யூ கிளாஸிலிருந்து 'கிராம்டைப்' கிளாஸை உருவாக்குங்கள். ஃபோல்டர் புதிது என்பதால் சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டும். மாடலில் ஒரே வரி: 'ஆட்ரிப்யூட்' என்று எழுதி, நெடுவரிசையின் பெயரையும் கிராம்டைப்பின் ஒரு புதிய இன்ஸ்டன்ஸையும் கொடுத்தால் போதும். செயலி தொடங்கும்போது ஓடும் இனிஷியலைசர் கோப்பில் டைப்புக்குக் குறும்பெயர் கொடுத்து ரெஜிஸ்டர் செய்யும் வேலை இப்போதைக்கு வேண்டாம். ஆப் ஃபோல்டரில் உள்ள கிளாஸை அங்கிருந்து அழைத்தால் ரெயில்ஸ் 7 நேம்எரர் தரும்.

இனி கிராம்டைப்புக்குள் மூன்று மெத்தட்கள்.

பயனர் தருவதை மாற்றுவது காஸ்ட். விதி இது: ஸ்ட்ரிங் வந்தால் கிலோ, இன்டிஜர் வந்தால் கிராம், வெற்று ஸ்ட்ரிங்குக்கு நில் (nil, மதிப்பு இல்லை என்று பொருள்). ஸ்ட்ரிங்கில் முதலில் கமாவை நீக்குங்கள், இல்லாவிட்டால் "1,200.5" வெறும் 1 ஆகிவிடும். பிறகு துல்லியமான தசம எண்ணாக்கும் டூ_டி (to_d) போட்டு 1000-ஆல் பெருக்கி இன்டிஜராக்குங்கள். தோராயமான ஃப்ளோட் தரும் டூ_எஃப் (to_f) கூடாது: 1.005 கிலோ அதில் 1004 கிராம்தான் வரும்.

புதியவர்கள் அதிகம் வழுக்குவது, தரவுத்தளத்திலிருந்து வருவதை மாற்றும் டீசீரியலைஸில். அதை நீங்கள் எழுதாவிட்டால், தரவுத்தளத்திலிருந்து வரும் மதிப்பையும் ரெயில்ஸ் காஸ்டுக்கே அனுப்பும். எதைக் கொடுத்தாலும் 1000-ஆல் பெருக்கும் காஸ்டாக இருந்தால், சேமித்த 23,500 கிராம் திரும்ப எடுக்கும்போது 2,35,00,000 ஆகி நிற்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. ஆகவே டீசீரியலைஸில் பெருக்கலே இருக்கக் கூடாது. நில் என்றால் நில், மற்றதற்கு முழு எண்ணாக்கும் டூ_ஐ (to_i).

தரவுத்தளத்துக்குப் போகும் மதிப்பைத் தருவது சீரியலைஸ்; அது காஸ்டை அழைத்து அதன் விடையைத் தரட்டும். 'வேர்' (where) மெத்தடில் "23.5" என்று தேடும்போது ரெயில்ஸ் காஸ்டைத் தொடாமல் நேராக சீரியலைஸுக்குத்தான் போகும்.

சேமிக்குமுன் மதிப்பைச் சோதிக்கும் வேலிடேஷனில், எண்தானா என்று பார்க்கும் நியூமரிகாலிட்டி ஒத்துவராது. அது மாற்றத்துக்கு முந்தைய மூல ஸ்ட்ரிங்கைப் பார்ப்பதால் "23.5 கிலோ" எண்ணே இல்லை என்று தள்ளிவிடும். ரெயில்ஸ் 7-இல் வந்த கம்பாரிசன் வேலிடேட்டரில் கிரேட்டர்_தேன் 0 கொடுங்கள். எண்ணில்லாத குப்பையை டூ_டி 0 ஆக்குவதால் அதுவும் இங்கேயே மாட்டும்.

கன்சோலில் "1,200.5 கிலோ" கொடுத்துச் சேமித்து, ரீலோட் செய்து பாருங்கள்: இரண்டு முறையும் 1200500 வர வேண்டும். பிறகு அதே ஸ்ட்ரிங்கை வைத்துத் தேடுங்கள். பதிவு கிடைக்காமலோ போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் எரர் தந்தாலோ சீரியலைஸைத் திறந்து பாருங்கள்.