பட்டினி கிடந்து எடை குறைப்பவர்கள் செய்யும் தவறுகள்

தை பிறந்து கல்யாணப் பத்திரிகைகள் வர ஆரம்பித்தால் கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கம் ஒரு பேச்சு கட்டாயம் காதில் விழும். "பத்து நாள் வெறும் தண்ணிதான், ஏழு கிலோ இறங்கிட்டேன்." சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. எடை மெஷின் அப்படித்தான் காட்டியிருக்கும். ஆனால் இறங்கியது எது என்பதை மெஷின் சொல்லாது. முதல் தவறே அங்கேதான் நடக்கிறது.

உடம்பில் இரண்டு சேமிப்பு உண்டு. கிளைகோஜன் என்கிற சர்க்கரைச் சேமிப்பு அடுப்படியில் இருக்கும் அரிசி டின். கொழுப்பு என்பது பத்தாயம். சாப்பாட்டை நிறுத்தியதும் முதலில் காலியாவது டின்தான். கல்லீரலிலும் தசையிலுமாகக் கிளைகோஜன் சுமார் 400 முதல் 500 கிராம்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அது தீரும்போது தண்ணீரும் சிறுநீராகப் போய்விடும். கூடவே உப்பும் போகும், குடலும் காலியாகும். முதல் சில நாட்களில் 2, 3 கிலோ சட்டென்று இறங்குவது இதனால்தான். மறுபடி இரண்டு வேளை சோறு சாப்பிட்டால் அதில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். அதைப் பார்த்துப் பயந்து திரும்பவும் பட்டினி கிடப்பவர்கள் நிறையப் பேர்.

கொழுப்புக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 1 கிலோ உடல் கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும். சாதாரணமாக நடமாடும் ஒருவருக்கு நாள் முழுக்க 1,800 முதல் 2,000 கலோரி செலவாகும். அத்தனையும் கொழுப்பிலிருந்தே வந்தாலும் ஒரு நாளைக்குக் கால் கிலோதான். பத்து நாளில் இரண்டரை கிலோ. மீதி இறங்கியதெல்லாம் தண்ணீர், உப்பு, அப்புறம் தசை. மூளைக்குக் குளுக்கோஸ் வேண்டும் என்பதால் முதல் சில நாட்களில் உடம்பு தசைப் புரதத்தையும் உடைத்துத்தான் அதைத் தயாரிக்கிறது. இழந்த தசை சும்மா திரும்பி வராது. எடை ஏறும்போது கொழுப்புதான் முதலில் ஏறும்.

"ஏன், நம்ம பாட்டி ஏகாதசி இருக்கலையா?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். பாட்டி ஏகாதசி இருந்தார், மறுநாள் துவாதசியன்று பாரணையும் செய்தார். அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என்று அன்றைய சாப்பாட்டுக்கே தனி முறை உண்டு. சுவாமிமலையில் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பவர்களில் பலர் பாலும் பழமும் எடுத்துக்கொள்கிறார்கள், அல்லது ஒருவேளை சாப்பிடுகிறார்கள். நாகூரிலும் கூத்தாநல்லூரிலும் ரமலான் நோன்பு ஒவ்வொரு நாளும் மாலையில் நோன்புக் கஞ்சியோடு முடிகிறது. நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் பயணத்தில் இருப்பவருக்கும் சலுகையும் இருக்கிறது. இந்த ஊர் விரதங்கள் எல்லாவற்றிலும் எப்போது முடிக்க வேண்டும், எதைச் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்பது சேர்ந்தே வருகிறது. பத்து நாள், இருபது நாள் தண்ணீர் மட்டும் குடித்து எடை மெஷினில் ஏறி ஏறிப் பார்ப்பதை அதோடு சேர்த்துப் பேசக் கூடாது.

அடுத்தது மாத்திரை. உயிருக்கே ஆபத்தாகக்கூடிய தவறு இது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர், சர்க்கரைக்குத் தினமும் காலையில் கிளிமிப்பிரைடு போடுபவர். எடை குறைந்தால் மாத்திரையே வேண்டாம் என்று யாரோ சொன்னதை நம்பிச் சாப்பாட்டை நிறுத்தினார். மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டார். மறுநாள் விடிவதற்கு முன் கொல்லைப்பக்கம் போனவர் அப்படியே கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார். சட்டையைப் பிழியலாம், அவ்வளவு வியர்வை. கை நடுங்குகிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார். மருமகள்தான் சுதாரித்து விரலில் குத்தி மீட்டரில் பார்த்தார். 46. ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. விழுங்கும் நிலையில் இருந்ததால் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார், கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. இந்த வகை மாத்திரையில் சர்க்கரை மறுபடி இறங்கலாம் என்பதால் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனார்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். இதையும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

இன்சுலின் போடுபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. தாங்களாகவே இன்சுலினை நிறுத்தினால் அது வேறு ஆபத்து. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகளோடு பட்டினி கிடந்தால், மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு என்று வரும். பிரஷர் மாத்திரை, நீர் பிரிய வைக்கும் மாத்திரை போடுபவர்களுக்கு எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வரும். டாக்டரைக் கேட்காமல் இவர்கள் யாரும் ஒரு நாள்கூட முழுப்பட்டினி இருக்க வேண்டாம். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் முழுப்பட்டினி பக்கமே போகக் கூடாது.

டெல்டா வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வயல் வேலையோ கடை வேலையோ பார்ப்பவருக்கு வியர்வையிலேயே உப்பு போகிறது. அதோடு வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குழப்பம், வலிப்பு வரை போகலாம்.

வேகமாக எடை இறங்குவதால் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கூடுகிறது. யூரிக் அமிலம் ஏறிக் கால் கட்டைவிரல் வீங்கலாம். இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும், பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும். அதற்குள் பட்டினி கிடந்ததே மறந்து போய், எண்ணெயையும் ஷாம்பூவையும் மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

வீடியோக்களில் ஆங்கஸ் பார்பியேரி கதை அடிக்கடி வரும். ஸ்காட்லாந்துக்காரர், 1965-66இல் 382 நாள் உணவில்லாமல் இருந்து 207 கிலோவிலிருந்து 82 கிலோவுக்கு வந்தவர். உண்மைதான். டண்டீ நகர மருத்துவர்களின் கண்காணிப்பில் வைட்டமின், ஈஸ்ட், தேவைப்பட்டபோது பொட்டாசியம் எல்லாம் எடுத்துக்கொண்டு, ரத்தப் பரிசோதனைகளோடு அவர் அதைச் செய்தார் என்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் இதே பட்டினிச் சிகிச்சையில் சிலர் இறந்தும் போனார்கள். அதனால்தான் மருத்துவர்கள் அதைக் கைவிட்டார்கள்.

சரி, என்னதான் செய்வது? வாரத்துக்கு அரைக் கிலோ முதல் 1 கிலோ வரை இறங்கினால் போதும். மூன்று வேளையும் அரிசி என்பது நம் ஊர்ப் பழக்கம். அதை ஒழிக்க வேண்டாம், அளவைக் குறைத்தால் போதும். மதியம் சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் கீரை, புடலங்காய், கொத்தவரங்காய் வையுங்கள். சம்பா அறுவடைக்கு முன் வயல் ஈரத்திலேயே தெளித்து எடுக்கிற பயறும் உளுந்தும் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதோடு மீன், முட்டை, மோர் சேர்ந்தால் தசை கரைவது குறையும். நாளைக்கு நான்கு காபி குடிப்பவர் அதில் இரண்டைச் சர்க்கரை இல்லாமல் குடித்தாலே வித்தியாசம் தெரியும். மெஷினை விட இஞ்ச் டேப்பை நம்புங்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டாமல் இருக்க வேண்டும்.

கடைசியாக, பட்டினியை முடிக்கும் விதம். நீண்ட பட்டினிக்குப் பிறகு நேராகக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து இலை நிறையச் சோறும் பாயசமும் சாப்பிடுவது பட்டினியை விட ஆபத்தாக முடியலாம். மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் ஏறும், ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் இழுக்கப்படும். இதயத் துடிப்பு தடம் மாறும், மூச்சு திணறும். இரண்டாம் உலகப் போர் முடிந்து விடுதலையான கைதிகள் பலர், சாப்பாடு கிடைத்த பிறகு இப்படி இறந்திருக்கிறார்கள். எனவே ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவும் சாப்பிடாதவர் வீட்டிலேயே முடித்துக்கொள்ளாமல் டாக்டரிடம் போய்த்தான் தொடங்க வேண்டும். வழக்கமான அளவில் பாதிக்கும் குறைவாக ஆரம்பித்து, ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துக் கூட்டுவார்கள். படபடப்பு, கால் வீக்கம், மூச்சிரைப்பு, பேச்சில் குழப்பம் இருந்தால் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். சோர்வாக இருக்கிறது, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ளலாம் என்று பக்கத்துக் கிளினிக்குக்குப் போனாலும், எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்பதை வெட்கப்படாமல் முதலில் சொல்லிவிடுங்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட வேண்டுமா என்பதை அவர்கள் அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.