ஜோனஸைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரியில் ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகள் வருஷா வருஷம் ப்ராஜெக்ட் கட்டுரையோடு என்னிடம் வருகிறார்கள். லோயிஸ் லௌரியின் ‘தி கிவர்’ (1993) நாவலை எடுத்தவர்கள் எல்லோரும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். எல்லாவற்றுக்கும் விதி வைத்திருக்கும் ஒரு கற்பனை ஊரில் வளரும் ஜோனஸ் என்ற சிறுவனின் கதை அது. எழுத்துப்பிழை, மேற்கோள் குறி பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊரைச் சிறை என்று தொடங்குவது

"கொடுங்கோல் ஊரில் சிக்கிய கலகக்காரச் சிறுவன்." இந்த வரியைப் பார்த்தாலே எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது. ஒரு மாணவி கட்டுரை முழுவதையும் இதன்மேல்தான் கட்டியிருந்தாள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டது ஒரே கேள்வி: "அப்படியென்றால் முதல் பாதியில் அவன் ஏன் நிம்மதியாக இருக்கிறான்?" அவளிடம் பதில் இல்லை. பாதிக் கட்டுரையைத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

ஜோனஸ் அந்த ஊர் வளர்த்த நல்ல பிள்ளை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் அவரவர் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும் என்பது விதி, அவனும் சொல்கிறான். பருவத்தின் ஆசைகளை அடக்க மாத்திரை கொடுத்தால் விழுங்குகிறான். தன் மனதைக் கவனிக்கும் பழக்கம் அவனுக்கு அந்தச் சாப்பாட்டு மேசையில் வந்தது. பின்னால் ஊரையே சந்தேகிக்க அதுதான் உதவுகிறது.

மலைகள் சரக்குப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அங்கே மலைகளையே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். தொப்பூர் கணவாயின் லாரி விபத்துகளைக் கேட்டே வளர்ந்த நமக்கு, "நல்லதுதானே" என்று ஒரு நொடி தோன்றும். அந்த நொடியைக் கட்டுரையில் எழுதுங்கள். ஆளாளுக்குத் தேர்ந்தெடுக்க விட்டால் ஆபத்து என்று ஜோனஸே ஓரிடத்தில் சொல்கிறானே!

அவன் எங்கே மாறுகிறான்? ஊருக்காகப் பழங்கால நினைவுகளைப் பெற்று வைத்திருப்பவனாகத் தேர்வானதும் கைக்கு வரும் விதிகளில் எட்டாவது, பொய் சொல்லலாம் என்பது. மற்றவர்களுக்கும் இதே அனுமதி இருக்குமோ என்று அவனுக்கு அப்போதே உறுத்துகிறது. அப்புறம், அன்பான அப்பா ஒரு சிசுவுக்கு ஊசி போட்டுக் கொல்வதை வீடியோ பதிவில் பார்க்கிறான். கொஞ்சிக்கொண்டே அதைச் செய்கிறார் அவர். ஊரைச் சிறை என்றும் பெரியவர்களைக் காவலர்கள் என்றும் எழுதியவர்கள் இந்த அப்பாவை எங்கே வைப்பார்கள்? கடைசியில் அதே ஊசிக்குக் குறிக்கப்பட்ட கேப்ரியேல் என்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜோனஸ் கிளம்புவதும், தன் அறையில் அதைத் தூங்க வைத்துப் பழகியதால்தான்.

சிவப்பு ஆப்பிள்

நிறங்களே தெரியாத அந்த ஊரில் ஜோனஸ் ஓர் ஆப்பிளில் சிவப்பைப் பார்க்கும் காட்சிக்கு ஒரு பத்தி போதும்.

முடிவை அடைப்பது

அவன் பிழைத்தானா என்று இந்த நாவல் சொல்வதில்லை. 2000 முதல் 2012 வரை வந்த அடுத்த மூன்று நூல்களிலிருந்து பதிலை எடுத்து இங்கே ஒட்டாதீர்கள். வேண்டுமானால் தனி அத்தியாயம் எழுதுங்கள்.

படம் பார்த்து எழுதுவது

2014-ல் வந்த படத்தில் ஜோனஸின் வயதைக் கூட்டிவிட்டார்கள். நாவலில் அவனுக்கு 12 வயது. நாவலைப் படியுங்கள்.